தரங்கம்பாடியில் பனை ஏறிய மீன்

மழை பிடிச்சு வயலுக்குள்ள இறங்க முடியல. அதனால இந்த வாரம் விவசாயம் இல்ல, மீன் கதை.

ஐப்பசி மழை தொடங்கின மூணாம் நாள் என் தம்பி மகன் வாய்க்கால்ல இருந்து ஓடியாந்தான். கையில ஒரு மீன் துள்ளுது. "பெரியப்பா, பனையேறி பிடிச்சிட்டேன்!" வாங்கிப் பாத்தா ஜிலேபிக் கெண்டை. "இது ஜிலேபிடா"ன்னு சொன்னேன். "கருப்பா இருக்கே, முள்ளு குத்துதே, பனையேறின்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னான். அவன் மேல தப்பு இல்ல. பதிமூணு வயசுப் பையன், பனையேறியைக் கண்ணால பாத்ததே இல்ல. அவன் வயசுல எனக்கு ஜிலேபிதான் புது மீன், பனையேறி வீட்டு மீன். இப்ப தலைகீழா ஆயிடுச்சு.

முதல்ல ரெண்டையும் எப்படி அடையாளம் பிரிக்கிறதுன்னு சொல்லிடுறேன். ரெண்டும் மங்கின பச்சை கலந்த கருப்புதான், ரெண்டுக்கும் முதுகுல முள் உண்டு. ஜிலேபி தட்டையா, உசரமா, தட்டு மாதிரி இருக்கும். பனையேறி கொஞ்சம் நீளவாக்குல உருட்டா இருக்கும். வாலு ஆரம்பிக்கிற இடத்துல ஒரு கருப்புப் பொட்டு தெரியும். செதில் கெட்டியா, ஓடு வேய்ஞ்ச மாதிரி அடுக்கா இருக்கும். ஒரு சாண் இருந்தா அது பெரிய மீன். இதுலயும் சந்தேகம் வந்தா மீனைக் கவுத்துப் போட்டு அடித் துடுப்பை எண்ணுங்க. ஜிலேபிக்கு அடியில 3 முள்தான். பனையேறிக்கு 9-ல இருந்து 11 வரைக்கும் இருக்கும். முதுகுல 16-க்குக் குறையாது, 20 வரைக்கும் போகும்.

எண்ணத் தெரியாதவங்களுக்கு எங்க தாத்தா சொன்ன வழி ஒண்ணு இருக்கு. செவுள் மூடியோட ஓரத்துல விரலை வச்சுப் பாரு. ஜிலேபிக்கு வழுவழுன்னு இருக்கும், பனையேறிக்கு ரம்பப் பல்லு மாதிரி அறுக்கும். அந்த ரம்பம்தான் அதுக்குக் கால். செவுள் மூடியை விரிச்சுத் தரையில ஊனிக்கிட்டு, வாலால ஒரு தள்ளு தள்ளும். இந்தப் பக்கம் ஒரு ஊனல், அந்தப் பக்கம் ஒரு ஊனல். மழை ராத்திரியில வரப்பு தாண்டி வயலுக்கு வயல் இப்படித்தான் போகும். நான் பாத்திருக்கேன். டார்ச் வெளிச்சத்துல வரப்புப் புல்லுக்குள்ள நாலஞ்சு மீன் சரசரன்னு நகர்றதை முதல் தடவை பாத்தப்ப பாம்புன்னு நினைச்சு ஓடியிருக்கேன்.

தண்ணிக்கு வெளியே அது சாகாததுக்குக் காரணம், செவுளுக்கு மேல மண்டைக்குள்ள ஒரு அறை இருக்கு. அதுக்குள்ள பூ இதழ் மடிச்ச மாதிரி எலும்புத் தகடு, அது மேல ரத்தம் ஓடுற தோல். காத்தை வாயால வாங்கி அங்க வச்சுக்கும். இதுல வேடிக்கை என்னன்னா, தண்ணிக்கு மேல வர விடாம அமுக்கி வச்சா இந்த மீன் தண்ணிக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப் போகும். செவுள் மட்டும் அதுக்குப் போதாது.

சரி, வரப்பு ஏறுது. பனை ஏறுமா? பையன் இதைத்தான் கேட்டான். "பேரு பனையேறின்னு இருக்கே பெரியப்பா, யாராவது பாத்தாங்களா?"

பாத்தேன்னு எழுதி வச்ச ஆள் ஒருத்தர் இருக்கார். அதுவும் எங்க ஊர்ல இருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்துல, தரங்கம்பாடியில. என் அக்கா மகன் கல்லூரியில விலங்கியல் படிச்சவன். அவன்தான் பழைய புத்தகப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துட்டு வந்து எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொன்னான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் உர மூட்டையில இருக்கிற அளவுதான்.

தரங்கம்பாடி 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரங்களுக்குக் கொடுத்த இடம். கடற்கரையில இருக்கிற டேனிஷ் கோட்டை அப்ப கட்டினது. 1845-ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் அவங்கதான் அங்க ஆட்சி. சீகன்பால்கு அச்சகம் வச்ச கதை எல்லாருக்கும் தெரியும். அதே மிஷன்ல 1771-ல வந்து சேர்ந்தவர் ஜான்னு ஒரு பாதிரியார். கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். பிரசங்கம், பள்ளிக்கூடம் போக மீதி நேரத்துல சங்கு, மீன், பாம்புன்னு சேர்த்துச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கிட்டே இருந்திருக்கார். மீனெல்லாம் பெர்லின்ல ப்ளாக்னு ஒரு டாக்டருக்குப் போச்சு. அந்த ப்ளாக் அந்தக் காலத்துல உலகத்து மீனையெல்லாம் படம் போட்டுப் பெரிய பெரிய புத்தகமா எழுதினவர். நம்ம பனையேறிக்கு 1792-ல அறிவியல் பேரு வச்சதும் அவர்தான். அவர் வச்ச பேருக்கு ஆமை மாதிரின்னு அர்த்தமாம். செதிலைப் பாத்துட்டு வச்சிருப்பார்.

இந்த மீனை இங்க இருக்கிறவங்க பனையேறின்னு கூப்பிடுறாங்கன்னு ப்ளாக்குக்குத் தெரியப்படுத்தினவர் ஜான்.

இன்னொருத்தர் டால்டார்ஃப். டேனிஷ் கம்பெனிப் படையில லெப்டினன்ட். பூச்சி சேர்க்கிற பைத்தியம். அவர் 1791 நவம்பர் மாசம் தரங்கம்பாடியில ஒரு குளத்தோரம் நின்ன பனைமரத்துல இந்த மீனைத் தன் கையாலயே பிடிச்சேன்னு எழுதியிருக்கார். தரையில இருந்து 5 அடி உசரத்துல, மரத்துல இருந்த ஈரமான வெடிப்புல மீன் இருந்துச்சாம். அங்கேயும் நிக்காம இன்னும் மேல ஏறப் பாத்துச்சாம். செவுள் மூடியை விரிச்சு மாட்டித் தொங்கிக்கிட்டு, வாலை இடது பக்கம் வளைச்சு, அடித் துடுப்பு முள்ளை வெடிப்புல குத்தி ஊனி, உடம்பை நீட்டி மேல தள்ளி, மறுபடி செவுளை மாட்டுமாம். அவர் கையை வச்சுப் பிடிச்சதாலதான் நின்னுச்சாம். இந்தக் குறிப்பு லண்டன்ல லின்னேயன் சொசைட்டின்னு ஒரு சங்கத்தோட வெளியீட்டுல 1797-ல அச்சாச்சு. அவர் வச்ச பேருக்கு ஏறும் மீன்னு அர்த்தம்.

இதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ஏன்னா அது கட்டுக்கதை எழுதுறவன் எழுதுற மாதிரி இல்ல. வாலை இடது பக்கம் வளைச்சதுன்னு எவன் கற்பனை பண்ணுவான்? வரப்புல அது ஏறுறதை உக்காந்து பாத்தவங்களுக்குத் தெரியும், அச்சு அசலா அதேதான்.

ஆனா பின்னாடி வந்த அறிஞர்கள் பல பேர் நம்பல. அதுக்கும் காரணம் இருக்கு. இந்தக் கதை டால்டார்ஃபுக்கு ரொம்ப முன்னாடியே உலாவிக்கிட்டு இருந்திருக்கு. கி.பி. 851 வாக்குல எழுதின அரபு வியாபாரிகளோட பயணக் குறிப்புல, கடல்ல இருந்து ஒரு மீன் வெளிய வந்து தென்னை மரம் ஏறி, கள்ளைக் குடிச்சிட்டுத் திரும்பக் கடலுக்குப் போகும்னு இருக்காம். அந்த வியாபாரிக்கு இதைச் சொன்ன ஆள் அன்னிக்கு எவ்வளவு குடிச்சிருந்தாரோ. இப்படி ஒரு கதை ஏற்கனவே இருக்கும்போது, லெப்டினன்ட் சொன்னதையும் அதோட சேத்துக் கட்டி ஓரமா வச்சுட்டாங்க. 1920-கள்ல தாஸ்னு ஒரு இந்திய விஞ்ஞானி வேற விளக்கம் சொன்னார். காக்காயும் பருந்தும் தூக்கிட்டுப் போய் மரத்துல போட்டுட்டுப் போற மீன்தான் அது, மூச்சு விடத் தெரிஞ்ச மீனா இருக்கிறதால மரத்துலயும் உசிரோட கிடந்திருக்கு, பாத்தவங்க ஏறிடுச்சுன்னு நினைச்சுட்டாங்கன்னு.

தாஸ் சொன்னது நியாயமாத்தான் இருக்கு. எங்க வீட்டுக் கூரை மேலேயே காக்கா போட்ட பனையேறி விழுந்து கிடந்து நெளிஞ்சிருக்கு. ஆனா எனக்கு ஒரு பக்கம் மனசு டால்டார்ஃப் பக்கம்தான் சாயுது. விவசாயிங்கிற முறையில ரெண்டு விஷயம் சொல்றேன். ஒண்ணு, அவர் பாத்தது நவம்பர். அதாவது ஐப்பசி கார்த்திகை, நம்ம பக்கம் அடைமழை. அந்த மழையில பனைமரத்து உடம்புல தண்ணி ஓடையா வழியும். இந்த மீனுக்குத் தெரிஞ்ச ஒரே புத்தி, எங்க இருந்து புதுத் தண்ணி வருதோ அதை எதிர்த்து ஏறுறதுதான். வரப்புல வழிஞ்சா வரப்பு ஏறும். மரத்துல வழிஞ்சா? ரெண்டு, பனைன்னதும் படிச்சவங்க மனசுல வர்றது வழுவழுன்னு நெட்டையா நிக்கிற மரம். குளத்தங்கரையில நிக்கிறதெல்லாம் அப்படியா இருக்கு? வடலியா இருந்தா அடியில இருந்தே மட்டையோட அடிக்கட்டை அடுக்கடுக்கா இருக்கும். சாஞ்சு நிக்கிற மரமும் உண்டு. அதுல ஒரு செவுள் மாட்ட இடமா இல்ல? உச்சிக்கு ஏறி கள்ளு குடிக்கும்னு நான் சொல்லல. 5 அடி ஏறியிருக்கலாம்னுதான் சொல்றேன்.

1859-ல டென்னன்ட்னு ஒருத்தர் இலங்கையைப் பத்தி எழுதின புத்தகத்துல இதே சங்கதியெல்லாம் இருக்கு. அவர் அங்க வெள்ளைக்கார அரசாங்கத்துல பெரிய அதிகாரியா இருந்தவர். திருகோணமலை அதிகாரி ஒருத்தர், குளம் வத்தினப்ப மீனுங்க கரையில புல்லுக்குள்ள புகுந்து மேல ஏறிப் போறதைப் பாத்ததா எழுதின கடிதத்தையும் அதுல சேத்திருக்கார். அங்கேயும் மரம் ஏறினதை அவங்க பாக்கல, தரையில போனதைத்தான் பாத்தாங்க.

இப்ப உலகம் பூரா விஞ்ஞானிங்க இந்த மீனை அனபாஸ்னு சொல்றாங்க. அது கிரேக்க வார்த்தையாம், மேலே ஏறுறதுன்னு அர்த்தமாம். இங்கிலீஷ்லயும் ஏறும் மீன்னுதான் பேரு. யோசிச்சுப் பாருங்க. தரங்கம்பாடியில ஜானுக்கு மீன் கொண்டாந்து கொடுத்த ஒருத்தன், "அய்யா, இதுக்குப் பேரு பனையேறி"ன்னு சொல்லியிருக்கான். பனை உதிர்ந்து போயி அந்த 'ஏறி' மட்டும் எல்லாப் பாஷையிலயும் ஒட்டிக்கிச்சு. ஜான் பேருல மீன் இருக்கு. டால்டார்ஃப் பேரு புத்தகத்துல இருக்கு. ப்ளாக் பேரு எல்லா மீனுக்குப் பக்கத்துலயும் இருக்கு. பேரு சொல்லிக் கொடுத்தவனுக்கு மட்டும் பேரு இல்ல. அவன் கடையா, குளத்துல பறி வைக்கிறவனா, பனை ஏறுறவனா, எங்க பாட்டன் முப்பாட்டன் யாராவதா, ஒண்ணும் எழுதி வைக்கல.

பிடிக்கிற முறையைச் சொல்லாம விட்டா பழைய ஆளுங்க கோவிச்சுக்குவாங்க. தூண்டில்ல மண்புழுவோ வெட்டுக்கிளியோ கோத்துப் போட்டா வரும், மிதவையை வெடுக்குன்னு இழுக்கும். ஆனா பனையேறிக்குன்னே இருக்கிறது பறிதான். மூங்கில் சிம்புல பின்னினது, உள்ள போன மீன் திரும்ப முடியாதபடி வாயில உள்நோக்கி முள்ளு வச்சிருக்கும். மத்த மீனுக்குப் பறியோட வாயைத் தண்ணி வர்ற பக்கம் பாத்து வைப்பாங்க. பனையேறிக்கு மாத்தி வைக்கணும், வாய் கீழ்த்தண்ணியைப் பாக்கணும். அது இறங்கி வர்ற மீன் இல்ல, எதிர்த்து ஏறுற மீன். முதல் மழையில வயல் வழிஞ்சு வடிவாய்க்காலுக்குத் தண்ணி விழுதே, அந்த மடை வாயில சாயங்காலம் வச்சா விடியக்காலம் பறி கனக்கும்.

கையில எடுக்கும்போது தலைப்பக்கம் இருந்து முதுகு முள்ளைப் படிய அமுக்கிக்கிட்டே பிடிக்கணும். வால் பக்கம் இருந்து போனீங்கன்னா ரத்தம் பாக்காம விடாது. பானையில போட்டா மேல வேப்பங்கொத்து போட்டு மூடி வைக்கணும். எங்க அம்மா ஒருநாள் மூட மறந்து, காலையில கோழிக்கூட்டுக்கு அடியில இருந்து ரெண்டு மீனைப் பொறுக்கினாங்க. சாம்பல் போட்டுத் தேய்ச்சு, மாங்காய் போட்டுப் புளிக்குழம்பு. முள்ளு அதிகம், ருசியும் அதிகம்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு கையும் வேலையா இருக்கும்போது பிடிச்ச மீனைப் பல்லுல கடிச்சு வச்சுக்கிற பழக்கம் சில பேருக்கு உண்டு. பனையேறியை மட்டும் அப்படிச் செய்யாதீங்க. அது இருட்டைக் கண்டா உள்ளே போகும். போச்சுன்னா முள்ளும் செவுளும் விரிஞ்சு மாட்டிக்கும், முன்னாடிதான் போகும், பின்னாடி இழுக்க வராது. தொண்டையில உசிரோட பனையேறி மாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களைப் பத்தி டாக்டர்கள் இன்னிக்கும் மருத்துவ இதழ்கள்ல எழுதிக்கிட்டு இருக்காங்க. செத்தவங்களும் இருக்காங்க.

இவ்வளவு கெட்டியான உசிரு உள்ள மீன் எப்படிக் காணாமப் போச்சு? தண்ணி வத்தினாலும் சேத்துக்குள்ள கிடந்து தாக்குப் பிடிக்கும். கலங்கல்ல இருக்கும், நாத்தத்துல இருக்கும். ஜிலேபி வந்து விரட்டிடுச்சுன்னு சொல்றாங்க. ஜிலேபி 1952-ல நாட்டுக்குள்ள கொண்டு வந்த மீன், குளத்துல அது நிறைஞ்சு போனது நிஜம்தான். ஆனா பனையேறியோட வீடு குளம் மட்டும் இல்லையே, நம்ம நெல் வயல். வயல்ல நடந்ததுக்கு ஜிலேபி மேல பழி போட எனக்கு மனசு வரல.

1960 வாக்குல ஒருங்கிணைஞ்ச தஞ்சாவூர் மாவட்டத்துல பேக்கேஜ் திட்டம் வந்துச்சு. பின்னாடி ஆடுதுறை 27, அதுக்கு உரம், அதுக்குப் பூச்சி, பூச்சிக்கு மருந்து. எங்க அப்பா எண்ட்ரின் அடிச்சார். நான் எண்டோசல்ஃபான் அடிச்சேன். 1994 சம்பாவுல இலைச்சுருட்டுப் புழு. எங்க பாத்தாலும் வெள்ளை வெள்ளையா இலை. கடையில கொடுத்ததைச் சொன்ன அளவை விடக் கொஞ்சம் கூட்டியே கலந்து நானே தெளிப்பான் மாட்டிக்கிட்டு அடிச்சேன். மறுநாள் காலையில அப்பா முன்னாடி போறார், நான் பின்னாடி போறேன். வயல்ல கெண்டைக்குஞ்சும் குரவையும் வெள்ளை வயிறு தெரிய மிதக்குது. அது எதிர்பாத்ததுதான், எல்லார் வயல்லயும் நடக்கிறது. பனையேறி மட்டும் தண்ணியில இல்ல. வரப்புல கிடந்துச்சு. தண்ணி விஷமானதும் அதுங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வழியில வெளிய ஏறியிருக்கு. சில மீன் வரப்போட உச்சி வரைக்கும் வந்திருந்துச்சு. ஒண்ணு ரெண்டு அந்தப் பக்கமே இறங்கியிருந்துச்சு, ஆனா அதுவும் நான் மருந்து அடிச்ச வயல்தான்.

அப்பா ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்து மண்வெட்டியால குழி வெட்டி மூடினார். அந்த வருஷம் பறியைப் பரண்ல ஏத்தினவர், சாகுற வரைக்கும் இறக்கல. எண்டோசல்ஃபானை 2011-ல சுப்ரீம் கோர்ட் தடை பண்ணுச்சு. நான் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே விட்டுட்டேன். புண்ணியத்துக்கு இல்ல, கையெல்லாம் அரிப்பு எடுத்ததால.

ஜிலேபியைப் பனையேறின்னு கொண்டாந்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. காலையில பரண்ல பாத்தா அப்பாவோட பறி பூச்சி அரிச்சுப் பொடியாக் கிடந்துச்சு. பக்கத்துத் தெருவுல பறி பின்னத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் இருக்கார், எண்பது வயசு இருக்கும். கண்ணு சரியாத் தெரியல, ஆனா விரலுக்குத் தெரியுது. ரெண்டு நாள்ல ஒண்ணு பின்னிக் கொடுத்தார். காசு வாங்கல, "மீன் மாட்டினா ஒண்ணு கொண்டா தம்பி"ன்னார்.

ஆறு வருஷமா மருந்து படாத எங்க கீழ்வயல் மடையில, வாயைக் கீழ்த்தண்ணி பாக்க வச்சு, பையனையே விட்டு வைக்கச் சொன்னேன். முதல் நாள் நண்டு. ரெண்டாம் நாள் தண்ணிப்பாம்பு. மூணாம் நாள் விடியக்காலம் நல்ல மழை, கூப்பிட்டான், போனேன். உள்ள மூணு பனையேறி. பையன் முதல்ல கவுத்துப் போட்டு முள்ளை எண்ணினான். பத்து. அப்புறம் செவுள்ல விரலை வச்சு அறுத்துக்கிட்டான், அவனுக்கு அதுல ஒரே சந்தோஷம்.

ஒண்ணு பெரியவருக்குப் போச்சு. ஒண்ணை மேல்வயல்ல விட்டாச்சு. மூணாவதை அவன் குளத்தங்கரை வடலிக்குத் தூக்கிட்டுப் போனான். மழைத் தண்ணி மட்டைக்கு மட்டை வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அடியில வச்சான். கொஞ்ச நேரம் சும்மா கிடந்துச்சு. அப்புறம் செவுளை விரிச்சு முதல் மட்டைக்கட்டையில மாட்டுச்சு, வாலை வளைச்சுச்சு, ஒரு தள்ளு. ரெண்டாவது தள்ளு. தரையில இருந்து ஒரு முழம் இருக்கும். அங்க இருந்து பொத்துன்னு விழுந்து, திரும்பிப் பாக்காம புல்லுக்குள்ள புகுந்து குளத்துக்குப் போயிடுச்சு. பையன் வாலு எந்தப் பக்கம் வளைஞ்சுதுன்னு பாத்தானாம். இடது பக்கம்தான்னு சத்தியம் பண்றான். என் கண்ணாடியில மழைத் தண்ணி, எனக்குத் தெரியல.